மினிஸ்ட்ரி பட்டறைக்குள் எட்டிப் பார்க்கலாம், வாங்க!

திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் உங்களுக்கு போன் செய்தால் என்ன செய்வீர்கள்? மினிஸ்ட்ரி இசைக்குழுவின் தலைவர் அல் ஜோர்கென்சன் பட்டென்று போனை வைத்துவிட்டாராம்! யாரோ கூட்டாளி குரல் மாற்றி விளையாடுகிறான் என்று நினைத்துவிட்டதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அழைப்பு வந்தது 'ஏ.ஐ.' படத்துக்காக.

குப்ரிக் 1999 மார்ச்சில் காலமானார். படம் ஸ்பீல்பெர்க் கைக்குப் போனது, ஆனால் மினிஸ்ட்ரிக்கான இடம் போகவில்லை. படத்தில் 'ஃபிளெஷ் ஃபேர்' என்று ஒரு திருவிழா வரும். வேண்டாத ரோபோக்களைப் பிடித்துவந்து, கூட்டம் ஆர்ப்பரிக்க, கண்ணெதிரே அழிப்பார்கள். அங்கே மேடையில் வெறியோடு வாசிக்கிறார்களே, அவர்கள்தான் மினிஸ்ட்ரி! இயந்திரச் சத்தத்தை இசையாக்கிப் பேர் வாங்கிய குழுவை, இயந்திரங்களைக் கொல்லும் மேடையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் புல்லரிக்கிறது.

அந்தப் பாட்டு 'வாட் அபௌட் அஸ்?'. 2001 ஜூனில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'கிரேட்டஸ்ட் ஃபிட்ஸ்' தொகுப்பின் முதல் பாட்டும் அதுவே. தேர்ந்த பாட்டுகளின் தொகுப்பு நமக்குப் புதுசா என்ன? பேப்பரில் லிஸ்ட் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, 90 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கிய தலைமுறை நாம். ஆனால் இந்தத் தொகுப்பை வரிசையாகக் கேட்டால், பட்டறையின் பின்வாசல் வழியாக உள்ளே போனது போலிருக்கும். எந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாது.

1983-இல் வந்த மினிஸ்ட்ரியின் முதல் ஆல்பம் சிந்தசைஸர் குழைந்தோடும் நடனப் பாட்டுகள்தான். அதை ஜோர்கென்சனே வெறுத்தார். அடுத்து அவர் கைக்கு வந்தது ஃபேர்லைட். எந்தச் சத்தத்தையும் பதிந்து, கட்டைகளை அழுத்தி இசையாக வாசிக்கவிடும் ஆஸ்திரேலியக் கருவி. சினிமா வசனம், மேடைப் பேச்சு, கிட்டாரின் ஒரே ஒரு வெட்டு என்று எதை வேண்டுமானாலும் துண்டாக்கித் திரும்பத் திரும்ப ஓட்டலாம். 1988-இல் 'ஸ்டிக்மாட்டா' பாட்டு வந்தபோது பழைய குழைவு சுத்தமாகக் காணாமல் போயிருந்தது.

தடா ஊர்க்காரர்களுக்கு இந்த இசை அந்நியமே இல்லை என்று அடித்துச் சொல்வேன். பக்கத்திலேயே ஸ்ரீசிட்டி தொழில் நகரம். சென்னை மெட்ரோ ரயில் பெட்டிகள் அங்கே அல்ஸ்டாம் ஆலையில் தயாராகியிருக்கின்றன. இசுஸு வண்டிகளும் அங்கிருந்து வருகின்றன. பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் யாரையாவது கேளுங்கள். தகட்டின் மேல் டை இறங்கும் 'தட்', காற்று வெளியேறும் 'ஸ்ஸ்', மறுபடி 'தட்'. ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறிய பிறகும் அது காதுக்குள் ஓடும். அந்தத் தாளத்தின் மேல் கிட்டாரை ஏற்றினால் மினிஸ்ட்ரியின் 'தீவ்ஸ்' பாட்டு பாதி தயார்.

அந்த 'தீவ்ஸ்' பாட்டில்தான் எனக்குப் பிடித்த ரகசியம் இருக்கிறது. 1989-இல் வந்த பாட்டு. நடுநடுவே ஒரு ராணுவ அதிகாரி நரம்பு புடைக்கக் கத்துவார். யார் அது? குப்ரிக்கின் 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' படத்தில் பயிற்சி சார்ஜன்ட்டாக வந்த ஆர். லீ எர்மி! நிஜத்திலும் அமெரிக்க மரைன் படை வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஆக, குப்ரிக்கின் படத்திலிருந்து மினிஸ்ட்ரி சத்தம் எடுத்தது. பல வருடம் கழித்து குப்ரிக் தொடங்கிவைத்த படத்தில் மினிஸ்ட்ரியே ஏறியது. இரண்டும் ஒரே தொகுப்பில், சில பாட்டு இடைவெளியில்!

அதே தொகுப்பின் 'என்.டபிள்யூ.ஓ.' பாட்டில் கேட்கும் பேச்சு வளைகுடாப் போர் காலத்து அமெரிக்க அதிபர் மூத்த புஷ்ஷுடையது. 'ஜீசஸ் பில்ட் மை ஹாட்ராட்' கதை இதையெல்லாம் மிஞ்சும். பட்ஹோல் சர்ஃபர்ஸ் குழுவின் கிப்பி ஹேன்ஸ் முட்டமுட்டக் குடித்துவிட்டு வந்து மைக் முன்னால் உளறினார், அந்த உளறலை வெட்டி ஒட்டித்தான் பாட்டாக்கினேன் என்கிறார் ஜோர்கென்சன். ரெக்கார்டு கம்பெனி கொடுத்த முன்பணம் தீர்ந்தபோது கையில் இருந்தது அந்த ஒரு பாட்டுதானாம். 1991-இல் அது தனிப்பாட்டாக வெளிவந்து பிய்த்துக்கொண்டு போனது; அதைத் தாங்கிய 1992 ஆல்பம் அமெரிக்காவில் பிளாட்டினம் வாங்கியது.

'ஏ.ஐ.' படத்தின் இசைத்தட்டில் 'வாட் அபௌட் அஸ்?' கிடையாது, அது ஜான் வில்லியம்ஸின் இசைக்கானது. ஃபிளெஷ் ஃபேர் பாட்டை முழுசாகக் கேட்க வேண்டுமானால் 'கிரேட்டஸ்ட் ஃபிட்ஸ்' பக்கம்தான் வரவேண்டும். வரும்போது நல்ல ஹெட்போனோடு வாருங்கள், முதலில் 'தீவ்ஸ்' போடுங்கள்.