கிணற்றுக்குள் ஒரு ஸ்டாக் ரெஜிஸ்டர்!

பி.காம். படிச்சதில் எனக்கு இன்னும் ஞாபகம் இருப்பது 'லிஃபோ' ஒன்றுதான். கடைசியா உள்ளே போன சரக்கு முதல்ல வெளியே வரும் என்று ஸ்டாக் கணக்குப் போடுவது. ஏதென்ஸ் நகரத்துப் பாழுங்கிணறுகளுக்கும் அது பொருந்தும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை!

ஏதென்ஸில் அகோரா என்று ஓர் இடம். அந்தக் காலத்தில் சந்தை, கோர்ட், அரட்டை எல்லாம் அங்கேதான். சாக்ரடீஸ் ஆபீஸ் போகாமல் பேசிக்கொண்டே இருந்ததும் அங்கேதான். 1931 முதல் அமெரிக்க ஆய்வாளர்கள் தோண்டுகிறார்கள். கிணறு கிடைத்தால் அவர்களுக்கு லட்டு! அடியில், தண்ணீர் சேந்தும்போது தவறி விழுந்த குடங்கள். மேலே, கிணறு பாழானபிறகு ஊர் கொட்டிய குப்பை. தோண்டும்போது ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கம் முதலில் வரும், அவ்வளவுதான்.

1930களில் ஒரு கிணற்றிலிருந்து வந்தவை பச்சைக் குழந்தைகளின் எலும்புகள். சுமார் 450 குழந்தைகள்... கூடவே 150 நாய்கள்! காலம், கி.மு. 165க்கும் 150க்கும் நடுவில்.

'படுபாவிங்க, கொன்னு போட்டிருக்காங்க' என்றுதானே தோணுது? எனக்கும் அப்படித்தான். பஞ்சம், கொள்ளைநோய், சிசுக்கொலை என்று ஆளுக்கொரு தியரி சொன்னார்கள். எலும்புகள் பாட்டுக்குக் கிடந்தன. பல வருஷம் கழித்து மரியா லிஸ்டன் என்ற எலும்பு நிபுணர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார். 2018ல் அவரும் சகாக்களும் முழு விவரத்தையும் புத்தகமாகப் போட்டார்கள்.

மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் போயிருக்கின்றன. தொப்புள்கொடியை அழுக்கான எதையோ வைத்து அறுத்ததில் கிருமி ஏறியிருக்க வேண்டும் என்கிறார் லிஸ்டன். மற்றவற்றிலும் பெரும்பாலும் இயற்கைச் சாவுதானாம். பிறந்து ஏழு, பத்து நாளில் சடங்கு செய்து சேர்த்துக்கொண்டால்தான் அங்கே குழந்தை குடும்பக் கணக்கில் வரும். அதற்குள் இறந்தால் முறையான அடக்கம் கிடையாது. மருத்துவச்சிகள் கொண்டுவந்து போட்டிருக்கலாம். நாய்கள், தீட்டுக் கழிக்கக் கொடுத்த பலியாக இருக்கும்.

ஒரே ஒரு குழந்தை வேற கேஸ். ஒன்றரை வயசு. உடம்பில் பல இடத்தில் எலும்பு முறிவு. சில ஆறிப்போனவை, சில ஆறாதவை. யாரோ அடிச்சு அடிச்சே... அந்தப் பகுதியை என்னால் ரெண்டாம் தடவை படிக்க முடியலை சார்.

இதே லிஸ்டன்தான் ஒரு கல்லறைக் கணக்கையும் திருத்தினார். 1967ல் பக்கத்து ஏரியோபகஸ் குன்றின் சரிவில் கிடைத்தது. கி.மு. 850 வாக்கில் எரித்து, தாழியில் வைத்துப் புதைத்த பெண். தங்கத் தோடு, மோதிரம், மூடியில் ஐந்து குட்டிக் குதிர்கள் வைத்த மண்பெட்டி! 'ஏதென்ஸ் பணக்காரச் சீமாட்டி' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

37 வருஷம் கழித்து, 2004ல், லிஸ்டனும் ஜான் பாப்படோபௌலோஸும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்தத் தாழிக்குள் வெந்த எலும்புகளோடு ஒரு சிசுவின் எலும்புத் துணுக்குகளும் இருந்தனவாம். அந்தம்மா நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி.

முதல் கணக்கில் தங்கத் தோடு வரைக்கும் சரியாக ஏறியிருந்தது.