அம்பாசடர் ஏன் மேடு ஏற மறுக்கிறது?

இன்ஜினை இறக்கி, போர் போட்டு, புதுப் பிஸ்டன் மாட்டி, பெரும் பணம் செலவழித்த பிறகும் அம்பாசடர் மேட்டில் திணறினால், எல்லோரும் முதலில் கார்புரேட்டரைத்தான் திட்டுவார்கள். குற்றவாளி பெரும்பாலும் டைமிங் செயின் மூடிக்குள் இருக்கிறான்.

அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் கொடுத்தது. எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் ஓடியதும் இதே குடும்பம்தான். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். இரண்டு ஸ்ப்ராக்கெட்டிலும் புள்ளி இருக்கும். அவற்றை நேருக்கு நேர் வைத்துச் செயினை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்பது பட்டறை வழக்கம். அதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். கம்பெனி பாகங்கள் கிடைத்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்று செயின் ஒரு தயாரிப்பு, ஸ்ப்ராக்கெட் இன்னொன்று, கேம் ஷாஃப்ட் எங்கோ கிரைண்டிங் செய்தது. புள்ளி சரியாக நிற்கும், வால்வ் தாமதமாகத் திறக்கும்.

அளந்து பார்ப்பதுதான் வழி. ஹெட்டைக் கழற்றிய நிலையில், முதல் சிலிண்டரின் மேல், நடுவில் போல்ட் கீழே நீட்டிய ஒரு பட்டையைக் குறுக்கே முடுக்கி, பிஸ்டன் அந்த போல்ட்டில் முட்டும் இடத்தை இரண்டு பக்கமும் சுற்றிக் குறித்து, நடுவை எடுத்தால் டாப் டெட் சென்டர் கிடைக்கும். கிராங்க் முனையில் டிகிரி தட்டு. முன்னாலிருந்து இரண்டாவது வால்வ்தான் முதல் சிலிண்டரின் இன்லெட். அதன் புஷ் ராட் தலையில் டயல் கேஜை வையுங்கள். கேம் மூக்கின் உச்சி தட்டையாக இருப்பதால் உச்சியை நேரடியாகப் பிடிக்க முடியாது. உச்சிக்கு முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் இரண்டு அளவு எடுத்து நடுவைப் பாருங்கள். இந்த இரண்டு அளவையும் எடுக்கும்போது இன்ஜின் ஓடும் திசையில் மட்டுமே சுற்ற வேண்டும். தாண்டிவிட்டால் நிறையப் பின்னால் போய் மறுபடி வாருங்கள். இல்லாவிட்டால் செயின் தொய்வு கணக்கைக் கெடுக்கும்.

ஒரு உதாரணம். அந்த இரண்டு அளவும் டாப் டெட் சென்டருக்குப் பின் 80, 146 என்று வந்தால் நடு 113 டிகிரி. கேமுக்குரிய அளவு 110 என்றால் அது 3 டிகிரி தாமதம்; கீழ் வேகத்தில் இழுவை குறையும். இதற்குப் புள்ளியை ஒரு பல் நகர்த்தக் கூடாது. கிராங்கில் 20 பல் இருந்தால் ஒரு பல் என்பது 18 டிகிரி! ஸ்ப்ராக்கெட்டைப் பிடிக்கும் கீயைப் படி வைத்த கீயாக மாற்ற வேண்டும். கிடைக்காவிட்டால் தேர்ந்த ஃபிட்டரிடம் அராவி வாங்கலாம். கீயைத் திருப்பி மாட்டினால் தாமதம் 6 டிகிரியாகும், ஆகவே மாட்டியபின் மறுபடி அளக்கத்தான் வேண்டும்.

ஹெட் ஃபேஸிங் செய்ததால் டைமிங் மாறிவிட்டது என்று இந்த இன்ஜினில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேம் பிளாக்கிலேயே இருக்கிறது. கேம் ஹெட்டின் மேல் இருக்கும் மாருதி 800 போன்றவற்றில்தான் அந்தப் பேச்சு பொருந்தும்.

எல்லாம் பூட்டியபின், ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன் ஸ்பேனரால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் அழுத்தாமல் நிறுத்திவிடுங்கள்.

அடுத்த முறை இன்ஜின் வேலைக்கு வண்டியை விடும்போது இந்த அளவெடுப்புக்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள். இன்லெட் எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.