கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குப் பின்: கழிவுகள் எங்கே செல்கின்றன, வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

தைராய்டு புற்றுநோய்க்காகவோ, தைராய்டு மிகைச் சுரப்புக்காகவோ கதிரியக்க அயோடின் பெற்று ஊர் திரும்புவோரின் குடும்பத்தார் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. உடலிலிருந்து வெளியேறும் மருந்து எங்கே போகிறது, அது எங்கள் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் வந்து சேருமா என்பதே அது. கொல்லைப்புறத்தில் வாய்க்காலும் அதையொட்டி வயலும் கொண்ட டெல்டா கிராமங்களில் இக்கேள்வி எழுவது இயல்பு. அதற்கு முழுமையான விடை பெறுவது உங்கள் உரிமை.

முதலில் ஒரு தெளிவு தேவை. இயந்திரத்தின் கீழ் படுக்கவைத்து வெளியிலிருந்து கதிர்வீச்சு செலுத்தப்படும் நோயாளியின் உடலில் கதிரியக்கம் தங்குவதில்லை. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். அத்தகைய நோயாளியுடன் ஒரே பாயில் அமர்ந்து உண்ணலாம். குழந்தையை அவர் மடியில் கொடுக்கலாம். அவருக்குத் தனித் தட்டு வைத்து, திண்ணையில் படுக்கவைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருப்பது வருத்தத்திற்குரியது. கீழ்க்காணும் கட்டுப்பாடுகள், கதிரியக்க மருந்தை வாய்வழியாகவோ ஊசி மூலமாகவோ உடலுக்குள் பெற்றவர்களுக்கு மட்டுமே உரியவை.

சிகிச்சைக்குப் பயன்படும் அயோடின்-131 என்னும் ஐசோடோப்பின் அரை ஆயுட்காலம் 8 நாட்கள். எட்டு நாட்களில் அதன் கதிரியக்கம் பாதியாகும். அடுத்த எட்டு நாட்களில் கால் பங்காகும். இவ்வாறு 80 நாட்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். நாற்றுவிட்ட குறுவை அறுவடைக்கு வருவதற்குள் அது அநேகமாக அடங்கிவிடுகிறது. ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியத்தின் அரை ஆயுட்காலம் வெறும் 6 மணி நேரம். மருத்துவமனைக் கழிவு மேலாண்மையின் அடிப்படை இதுவே: குறுகிய ஆயுள் கொண்டதைப் பூட்டிவைத்துக் காத்திருத்தல்.

அதிக அளவு அயோடின் பெறுவோர் தனியறையில் அனுமதிக்கப்படுகின்றனர். மருந்தின் பெரும்பகுதி முதல் இரண்டு நாட்களில் சிறுநீர் வழியே வெளியேறும். அந்த அறையின் கழிவறை பொதுச் சாக்கடையுடன் நேரடியாக இணைக்கப்படுவதில்லை. தனித் தொட்டிகளுக்குச் செல்கிறது. ஒரு தொட்டி நிரம்பியதும் அது மூடப்பட்டு, அடுத்த தொட்டி திறக்கப்படும். மூடிய தொட்டியின் கதிரியக்கம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குக் கீழ் இறங்கிய பின்னரே அந்நீர் வெளியேற்றப்படுகிறது. பஞ்சு, ஊசிக்குழல், படுக்கை விரிப்பு போன்றவையும் தேதியிட்ட பைகளில் தனியறையில் வைக்கப்படும். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கதிரியக்கக் கழிவுக்குப் பொருந்தா. எனவே கதிரியக்கம் அடங்கும் முன் அப்பைகளை வழக்கமான மருத்துவக் கழிவு வாகனத்தில் ஏற்றுவதற்கு இடமில்லை.

நீண்ட ஆயுள் கொண்டவற்றுக்கு இம்முறை போதாது. 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் 1987-இல் கதிரியக்கக் கழிவுகளைப் பாதுகாப்பாக அகற்றுவதற்கான விதிகள் வகுக்கப்பட்டன. 1983-இல் தொடங்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கண்காணிப்பை மேற்கொள்கிறது. குறைந்த அளவு கதிரியக்கமுள்ள திடக்கழிவுகள் கல்பாக்கம், டிராம்பே போன்ற அணுசக்தி வளாகங்களுக்குள்ளேயே கான்கிரீட் அகழிகளில் வைக்கப்படுகின்றன. அவ்விடங்களைச் சுமார் 300 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்பது திட்டம். 30 ஆண்டு அரை ஆயுட்காலம் கொண்ட சீசியம்-137 பத்து முறை பாதியாவதற்கு அத்தனை காலம் ஆகும். அகழிக்கு நிலத்தடி நீரிலிருந்து விலகிய நிலம் தேவை. மழைக்காலத்தில் சிறிது தோண்டினாலே நீர் ஊறும் நம் வயல்வெளி அதற்கு ஏற்றதன்று.

புற்றுநோய் சிகிச்சை இயந்திரங்களில் உள்ள கோபால்ட்-60 வலிமை குறைந்ததும் அளித்த நிறுவனத்திடமோ, அங்கீகரிக்கப்பட்ட அணுசக்தி மையத்திடமோ ஒப்படைக்கப்பட வேண்டும். இது தவறினால் என்ன நேரும் என்பதை 2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரியில் கண்டோம். பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விற்ற பழைய கருவி பழைய இரும்புக் கடையில் பிரிக்கப்பட்டது. ஒருவர் உயிரிழந்தார், பலர் கடும் பாதிப்புக்குள்ளாயினர். ஆகவே மூன்று இதழ்கள் கொண்ட கதிர்வீச்சு எச்சரிக்கைக் குறியிட்ட பொருள் எதையும் காயலான் கடையில் கண்டால் தொடாதீர்கள். விலகி நின்று காவல் துறைக்குத் தெரிவியுங்கள்.

இனி உங்கள் வீடு. மருத்துவமனை அளவிட்டுப் பார்த்து, அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் வந்த பின்னரே உங்களை அனுப்புகிறது. எனினும் சிறிதளவு எஞ்சியிருக்கும். அட்டையில் குறிப்பிட்ட நாட்கள் வரை தனியே உறங்குங்கள். கர்ப்பிணிகளிடமிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் விலகியிருங்கள். நிறையத் தண்ணீர் அருந்துங்கள். ஆண்களும் அமர்ந்தே சிறுநீர் கழித்து, இருமுறை நீர் ஊற்றி, சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். வாய்க்கால் கரையையோ வயல்வெளியையோ பயன்படுத்தக் கூடாது. வீட்டில் கழிவறை இல்லையெனில் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்வதாயின் சிகிச்சைக்கு முன்பே முடித்துவிடுவது, அல்லது மூன்று மாதம் கழித்துச் செய்வது நல்லது என்பது என் கருத்து.

படுக்கையில் உள்ள முதியவரின் டயப்பர், வாந்தி துடைத்த துணி ஆகியவற்றைக் கையுறை அணிந்து இரட்டைப் பையில் கட்டி, மருத்துவமனை கூறும் காலம்வரை ஆள் புழங்காத இடத்தில் வையுங்கள். இப்பணியைக் கர்ப்பிணிகள் செய்யக் கூடாது. கொல்லையில் போட்டு எரிப்பதும் கூடாது: தீ கதிரியக்கத்தை அழிப்பதில்லை, புகையாகவும் சாம்பலாகவும் பரப்பவே செய்யும்.

தாய்ப்பால் கொடுப்பவர்கள் சிகிச்சைக்குப் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். அக்குழந்தைக்கு மீண்டும் தொடரக் கூடாது. கருத்தரிப்பைக் குறைந்தது ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு நெரிசலான பேருந்தில் ஆறேழு மணி நேரம் பயணிப்பது உகந்ததன்று. தனி வாகன வசதி இல்லாதோர் அதை முன்கூட்டியே கூறினால், கூடுதலாகச் சில நாட்கள் தங்கவைக்க இயலுமா என மருத்துவர்கள் பரிசீலிப்பர். சிகிச்சை விவர அட்டையை எப்போதும் உடன் வைத்திருங்கள். வேறு மருத்துவமனையில் திடீரென அனுமதிக்க நேர்ந்தால் முதலில் காட்ட வேண்டியது அதுவே. சிங்கப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ செல்பவர்களுக்கும் அது பயன்படும். சில விமான நிலையங்களின் உணர்கருவிகள் சிகிச்சை முடிந்து பல வாரங்களுக்குப் பின்னும் ஒலியெழுப்பக்கூடும்.