எட்டு முடி அகலம்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். அரசாங்கக் கடிதம் எழுதுகிறவரைக் குமாஸ்தா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். 600 வருஷத்துக்கு முன் கெய்ரோவில் அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்கே வந்திருப்பார்கள்.

அப்போது அங்கே மம்லூக் சுல்தான்களின் ஆட்சி. சிறுவயதில் அடிமையாக விலைக்கு வாங்கப்பட்டு, போர்ப்பயிற்சி பெற்று, அரியணைவரை ஏறியவர்கள் அவர்களில் பலர். தங்களுக்குள் துருக்கி மொழி பேசுவார்கள். அலங்கார அரபியில் கடிதம் எழுதுவது கம்பசூத்திரம். ஆகவே சுல்தானின் குரலாக வெளியே போனதெல்லாம் கோட்டைக்குள் இருந்த 'திவான்' என்ற கடித அலுவலக எழுத்தர்களின் அரபிதான். அவர்களுக்குத் தலைவர், 'காத்திப் அஸ்ஸிர்' என்ற அந்தரங்கச் செயலர். வருகிற கடிதத்தைச் சுல்தானுக்குப் படித்துக் காட்டுவதும் அவர், பதிலைத் தயார் செய்வதும் அவர். எவ்வளவு பெரிய குடுமி அவர் கையில் இருந்தது பாருங்கள்!

1389 வாக்கில் இந்தத் திவானில் சேர்ந்தவர் அல்கல்கஷந்தி. நைல் டெல்டா கிராமத்துக்காரர், மார்க்கச் சட்டம் படித்தவர். எழுத்தருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதத் தொடங்கி 1412இல் முடித்தார். அச்சில் 14 பாகம். பூகோளம், வரலாறு, எந்த அரசனை எப்படி விளிப்பது, மை எப்படிக் கூட்டுவது, எல்லாம் உண்டு.

எனக்குப் பிடித்தது பேனாக் கணக்கு. நாணல் நுனியை எவ்வளவு அகலமாகச் சீவுவது? ஆகப்பெரிய பேனாவுக்கு 24 குதிரைமுடியை வரிசையாக வைத்த அகலம். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 முடி, வேறொரு வகை எழுத்துக்கு. எந்தப் பேனா என்பது தாளின் அளவைப் பொறுத்தது. எந்தத் தாள் என்பது பெறுகிறவரின் அந்தஸ்தைப் பொறுத்தது. 'பாக்தாதி' என்ற பெரிய தாள் கலீஃபா சம்பந்தப்பட்ட ஆவணங்களுக்கும் மாபெரும் அரசர்களுக்கும்தான். அந்தஸ்து குறையக் குறையத் தாளும் சிறுக்கும். தலைப்பில் எழுதாமல் விடுகிற இடத்துக்கும் கணக்கு இருந்தது: ஆள் பெரியவர் என்றால் வெற்றிடமும் பெரிது. தாளை வீணாக்குவதே மரியாதை! கடிதத்தைப் பிரித்த உடனே, ஒரு வரி படிக்கும் முன்பே, கெய்ரோ தன்னை எங்கே வைத்திருக்கிறது என்று அந்த மனிதருக்கு விளங்கிவிடும். சண்டையும் சமாதானமும் இதை நம்பி இருந்ததால் எழுத்தர் இதில் சறுக்க முடியாது.

இத்தனை சம்பிரதாயமும் செல்லாத இடம் ஒன்று உண்டு. புறாத் தபால். அதற்கென்று மெல்லிய, சின்னஞ்சிறு 'பறவைத் தாள்'. பட்டங்களை அடுக்க இடம் ஏது? செய்தி, நாள், அனுப்பிய நேரம், தீர்ந்தது. சிரியாவிலிருந்து மாடம் மாடமாகக் கைமாறி வரும் அந்தத் துண்டுத் தாள் கோட்டைக்கு வந்து சேர்ந்தால், சுல்தான் சாப்பாட்டில் இருந்தாலும் தூக்கத்தில் இருந்தாலும் உடனே சேர்ப்பிக்க வேண்டும் என்பது விதி. பாக்தாதித் தாளுக்குக்கூட இந்த அவசரம் கிடையாது.