ஊதிய பற்றரியும் கடை முதலும்

யுத்த காலத் தடையில், 1990களில், யாழ்ப்பாணத்துக்கு டோர்ச் பற்றரிகூட வரவிடவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நாம் அதைத் தூர இருந்துதான் கேள்விப்பட்டோம். இன்று அதே ஊரில் கல்யாணப் படப்பிடிப்புக்கு ட்ரோன் பறக்கிறது; பிள்ளைகள் ரிமோட் விமானம் கேட்கிறார்கள். இவற்றுக்குள் இருப்பது லித்தியம் பொலிமர் பற்றரி. விற்கும் சகோதரர்கள் சிலர் இதையும் மோட்டார் சைக்கிள் பற்றரி போலக் கையாள்வதைப் பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

இதில் ஒரு செல்லின் சாதாரண அளவு 3.7 வோல்ட். நிறைந்தால் 4.2, அதற்கு மேல் ஏற்றக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் செல் கெட்டுவிடும். மூன்று செல் பற்றரி நிறையும்போது 12.6 வோல்ட். சாதாரண சார்ஜர் இந்தக் கூட்டுத்தொகையை மட்டுமே பார்க்கும். இரண்டு செல் 4.1 இலும் ஒன்று 4.4 இலும் நின்றாலும் கூட்டுத்தொகை அதேதான்; தீப்பிடிப்பது அந்த ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு செல்லையும் தனியாக அளக்கும் பலன்ஸ் சார்ஜரையே பற்றரியோடு சேர்த்து விற்க வேண்டும். 2200 மில்லி அம்பியர் பற்றரிக்கு 2.2 அம்பியர் போதும். அவசரம் வேண்டாம்.

சீமெந்துத் தரையில், மண்சட்டிக்குள் வைத்து ஏற்றுங்கள். ளுஹருக்குக் கடையைச் சாத்திப் போகும்போது சார்ஜரில் விட்டுப் போகாதீர்கள். நமது கடைகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒருவருடைய தீ பக்கத்துக் கடைக்காரரின் முதலையும் தின்னும்.

விற்காமல் கிடக்கும் சரக்கை நிறையச் சார்ஜோடு வைக்காமல், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழ் மேல்தட்டில் அடுக்க வேண்டாம். நமது வெயிலுக்கு அது அடுப்புதான்.

ஊதிய பற்றரியை ஊசியால் குத்திக் காற்றை எடுத்து, ஒட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது தீப்பற்றும் வாயு. குத்தினால் உள்ளுக்குள் ஷோர்ட் ஆகும். ஈரத் தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நமக்குத் தெரியாததல்ல. அங்கே போனது வாங்கியவரின் காசு, இங்கே போகக்கூடியது அவர் வீடு. ஊதியதை நட்டக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

தருவிப்பவர்களுக்கு ஒன்று. 2016 ஏப்ரல் முதல் தனி லித்தியம் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்திலும் 30 சதவீதச் சார்ஜுக்கு மேல் இருக்கக் கூடாது. துபாயிலிருந்து வரும் மச்சானிடம் சொந்தப் பாவனைக்கு ஒன்றிரண்டு சொல்லிவிட்டால், அதைக் கைப்பையில், முனைகளுக்கு டேப் ஒட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.