படத்தைக் காட்டி மிரட்டினால்

“நான் கேட்டதை அனுப்பலைன்னா, உன் ஃபோட்டோ உன் ஸ்கூல் குரூப்புக்குப் போகும்.” இன்ஸ்டாகிராமில் இப்படி ஒரு மிரட்டல் வந்தால், பல பிள்ளைகள் மிரட்டியவனைவிட வீட்டுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அவன் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான்.

சம வயதுப் பிள்ளை போல ஒரு போலிக் கணக்கு, சில நாள் இனிமையான பேச்சு, பிறகு ஒரு படம், உடனே மிரட்டல். ஆண் பிள்ளைகளிடம் பெரும்பாலும் பணம் கேட்பார்கள். சாதாரணப் படத்தையே ஏஐ கொண்டு ஆபாசமாக மாற்றியும் மிரட்டுகிறார்கள். அதனால் “நீ ஏன் அனுப்பினாய்?” என்ற கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பணம் தராதீர்கள், கொடுத்தால் மேலும் கேட்பான். பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடவும் கூடாது. மிரட்டல் செய்திகள், கணக்கின் முகவரி, பணம் கேட்ட எண் எல்லாம் சாட்சியம். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் உறவினர் உட்பட யாருக்கும் அனுப்ப வேண்டாம். அப்படிப் பரப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம்.

போலீசுக்குப் போனால் மானம் போகும் என்று தயங்குபவர்கள் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும். 18 வயது நிறையாத ஆண், பெண் இருபாலருக்கும் அது பொருந்தும். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ பதிவுசெய்ய வேண்டும். அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. முடிந்தவரை பெண் சப்-இன்ஸ்பெக்டராக இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரும் படமும் ஊடகங்களில் வராமல் காக்க வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுங்கள், இது சலுகை அல்ல. பாலியல் நோக்கத்தோடு குழந்தையை இணையம் வழியே விடாமல் தொடர்புகொள்வதற்கே மூன்றாண்டு வரை சிறை உண்டு.

தேசிய சைபர் குற்ற இணையதளத்தில், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் பதிவுகள் குறித்துப் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். படம் பரவும் என்ற அச்சத்துக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் அடையாளம் மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும். அங்கே அந்தப் படம் தென்பட்டால் நீக்குவார்கள்.

“என்ன நடந்தாலும் சொல்லு, திட்ட மாட்டேன்” என்று இன்றே உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள். உங்களிடம் சொல்ல முடியாத நேரத்துக்காக 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் சொல்லிக் கொடுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.