மணி பிளான்ட் தொட்டியில் மஞ்சள் குடை

ஒரகடத்திலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பியிருக்கிறார். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், பால்கனித் தொட்டியில் மணி பிளான்ட்டுக்கு அடியில் எலுமிச்சை மஞ்சளில் மூன்று காளான்கள். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றும்போது அங்கே ஒன்றுமே இல்லையாம். "வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. தொட்டாலே விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. தொட்டியையே தூக்கி எறிந்துவிடட்டுமா?"

எறிய வேண்டாம். தொட்டால் ஒன்றும் ஆகாது. வாய்க்குள் போனால்தான் வம்பு. லூக்கோகோப்ரினஸ் பிர்ன்பாமி என்பது இதன் பெயர். தின்றால் வயிற்றுவலி, வாந்தி, பேதி வரலாம். மஞ்சள் நிறத்தைத் தரும் பிர்ன்பாமின் என்ற நிறமிகளை 2005-இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் விவரித்தார்கள். 'அதுதான் விஷம்' என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நிறமியின் அமைப்பைக் கண்டுபிடிப்பதற்கும், வயிற்றைக் கெடுப்பது அதுவேதான் என்று நிரூபிப்பதற்கும் இடையே வெகுதூரம்.

வரலாறு சுருக்கமாக: 1788-இல் ஜேம்ஸ் போல்டன் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் பகுதியில் இதை வரைந்து வைத்தார். 1839-இல் பூஞ்சையியலாளர் கோர்டா, பிராக் நகரில் இதைக் கண்டெடுத்த பிர்ன்பாம் என்ற தோட்டக்காரரின் பெயரைச் சூட்டினார். இருவரும் இதைப் பார்த்தது கண்ணாடிக் கூடத்துக்குள்தான்.

எனக்கு விஷத்தைவிடப் பெரிய சங்கதி, அந்த ஒற்றை ராத்திரி. ஒரகடத்துக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். அங்குள்ள கார் தொழிற்சாலையின் லைனில் சில மணி நேரத்தில் ஒரு கார் உருண்டு வெளியே வருகிறது. ஆனால் அதன் சீட்டும் கண்ணாடியும் வயரிங்கும் சுற்றுவட்டார வெண்டர் கம்பெனிகளில் எப்போதோ தயாராகிவிட்டவை. தொட்டிக்குள்ளும் அப்படித்தான். தென்னை நார்க்கழிவையும் மட்கிய இலையையும் தின்றபடி, காளானின் இழைகள் வாரக்கணக்கில் சரக்குச் சேர்க்கின்றன. ஈரமும் புழுக்கமும் கூடியதும் குண்டூசித் தலையளவில் ஒரு முடிச்சு உருவாகிறது. தண்டு, குடை, குடைக்கடியில் மடிப்புகள் என்று எல்லாப் பாகமும் அதற்குள் குட்டியாகத் தயார். நைட் ஷிப்டுக்கு மிச்சமிருக்கும் ஒரே உதிரிபாகம் தண்ணீர். புதிய செல்கள் அதிகம் பிறப்பதில்லை. இருக்கிற செல்களே தண்ணீரை உறிஞ்சி நீள்கின்றன. காலையில் குடை விரிந்தால் டிஸ்பாட்ச்: வித்துகள் காற்றில் ஏறுகின்றன.

தண்ணீர் புகுந்தால் தண்டு பந்துபோல உப்பாதா? கோப்ரினஸ் வகைக் காளான்களில் இதை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். தண்டுச் செல்லின் சுவரில் கைட்டின் இழைகள் ஏறக்குறையக் குறுக்காகச் சுற்றியிருக்கின்றன, பீப்பாய்க்கு இரும்பு வளையம் போட்டதுபோல. அகலப் போக வழியில்லை. அத்தனை அழுத்தமும் நெட்டுக்குத்தாக மேலே போகிறது. அதனால்தான் விரலால் நசுக்கினால் கூழாகிவிடும் ஒரு பொருள், இறுகிய மண்ணை முட்டித் தூக்குகிறது. எத்தனை முறை படித்தாலும் இது எனக்கு அலுப்பதில்லை.

போன ஐப்பசியில் என் வீட்டுத் தொட்டியில் வந்த ஒரு குடையை நறுக்கி, கறுப்புக் காகிதத்தில் கவிழ்த்து, டம்ளரால் மூடி வைத்தேன். மறுநாள் காலையில் காகிதத்தில் மாக்கோலம் மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடுகள். ஒவ்வொரு கோடும் வித்துத் தூள்.

உண்மையில் பயப்பட வேண்டிய காளான் தொட்டிக்கு வெளியே இருக்கிறது. மழை விட்டதும் புல்தரையில் பெரிய வெள்ளைக் குடைகளாக வரும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ். அதன் வித்துத் தூள் பச்சை. தின்ற சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் பிடுங்கும். ஊரில் புற்றுக் காளான் பறித்துத் தின்று பழகியவர்கள் புல்தரைக் காளானை நம்பிப் பறிக்க வேண்டாம். பூச்சி அரித்திருந்தால் நாமும் தின்னலாம் என்பது தவறு. குழந்தை கடித்துவிட்டால் மிச்சத் துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வாசகிக்கு: உங்கள் தொட்டியின் மஞ்சள் காளான் செடியைத் தொடுவதில்லை, மட்கியதைத்தான் தின்கிறது. மருந்து அடிக்க வேண்டாம். குடை விரியுமுன் பிடுங்கி, கவரில் கட்டிக் குப்பையில் போட்டுக் கையைக் கழுவுங்கள். குழந்தை வளரும் வரை தொட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும். இழைகள் மண்ணுக்குள்தான் இருக்கும். அடுத்த அடைமழைக்கு மறுபடியும் தலைகாட்டும்.